குஞ்சரம் சொன்ன தமிழ்

எங்கள் திருவாசிநல்லூரில் ஆபத்சகாயம் பிள்ளை காலமாகி ஒரு வருஷம் திரும்பி, கோயில் வாசல் பந்தலில் முதல் குருபூசை நடந்த அன்று, பாட உட்கார்ந்த சீடர்கள் அத்தனை பேரும் அவருடைய சஹானா கீர்த்தனையைப் பல்லவியிலிருந்து பிடித்து ஒரே குரலாகப் பாடிக்கொண்டு வந்து, சரணத்தின் கடைசி அடியில் அவர் பெயர் வருகிற இடத்தைத் தொட்டதும், வாய் திறந்திருக்கிறது, நாக்கு அசைகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஆனால் ஒருவர் தொண்டையிலிருந்தும் சத்தம் வரவில்லை. தாளம் ஒரு சுற்று ஓடி முடிந்தது. பிறகு, "சொன்ன தமிழ் சபையேறாதோ" என்கிற மிச்ச அடி, நின்றுபோன தெருக்குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி எல்லார் வாயிலும் திரும்ப வந்தது.

கீர்த்தனை கட்டுகிறவர்கள் கடைசி அடியில் தங்கள் பெயரை வைத்து முடிப்பது வழக்கம். முத்திரை என்பார்கள். முத்திரை இல்லாத பாட்டைத் தகப்பன் பெயர் தெரியாத குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள், சபையில் சேர்க்கமாட்டார்கள். பிள்ளையின் பாட்டில் எல்லாம் சகாயன் என்றுதான் முத்திரை, "சகாயன் சொன்ன தமிழ் சபையேறாதோ" என்று நாங்களும் சின்ன வயசிலிருந்து பாடி வந்ததுதான். அந்தச் சகாயன் மட்டும்தான் அன்றைக்குக் காணாமல்போனது.

முதலில் பழி சுமந்தவர் மைக் செட்காரர். நல்லது கெட்டது எது நடந்தாலும் எங்கள் ஊரில் முதல் அடி அவருக்குத்தான். அவர் ஒயர்களை எல்லாம் பிடுங்கி மாற்றிக் கட்டினார், மறுபடி பாடினார்கள், அதே இடத்தில் அதே மௌனம். வயலின்காரர் தனியாக வாசித்துப் பார்த்தார், வில் போய்வந்தது, ஓசை இல்லை. டீக்கடையில் பிள்ளையே பாடிய கேசட்டைப் போட்டார்கள், பிள்ளையும் அந்த இடத்தில் ஊமையாக இருந்துவிட்டு அப்புறம் தொடர்ந்தார். கும்பகோணத்திலிருந்து வந்த தொண்டை டாக்டர் எல்லாரையும் வரிசையாக 'ஆ' காட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்து ஒரு குறையும் இல்லை என்றார். ஜோசியர் சனியைச் சொன்னார், சனிக்கு எள்ளுவிளக்கும் ஏற்றினோம். அதற்குள் ஊருக்கு அது பழகிவிட்டது. டீ மாஸ்டர் அந்த இடைவெளியில் யாருக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், கோயிலில் குருக்கள் அந்த இடைவெளி பார்த்து மணியடித்தார், பாட்டுக் கேட்டுக்கொண்டே இட்லி ஊற்றுகிற பெண்கள் அந்த இடம் வந்ததும் மூடியைத் திறந்து வெந்ததா என்று பார்த்தார்கள்.

பிள்ளையின் மனைவி குஞ்சரம் மட்டும், பந்தலில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், முதலில் தனக்குத்தான் காது போய்விட்டது என்று நினைத்தாள். பக்கத்திலிருந்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபின் எழுந்து வீட்டுக்குப் போனாள்.

பிள்ளைக்குக் குரல் இருந்தது. அப்படி ஒரு குரலை எங்கள் வட்டாரம் அதற்கு முன்னும் கேட்டதில்லை, அதற்குப் பின்னும் கேட்கவில்லை, அதை மறுத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். பாட்டுதான் அவரிடம் இல்லை. பாட்டு அடுப்படியில் இருந்தது. குஞ்சரம் உலை வைக்கும்போதும் மீன் ஆயும்போதும் அவளுக்குள் ஏதாவது ஒன்று ராகத்தோடும் சொல்லோடும் கூடி வரும், அவள் அதைப் பாடிப் பாடித் திருத்துவாள், கூடத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிற பிள்ளை கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, சரணம் முடிகிற சமயம் எழுந்துவந்து சமையலறை நிலைப்படியில் கையை வைத்துக்கொண்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, முத்திரை ஒண்ணு வச்சுடணும்" என்பார். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் பெயர் எழுதுகிற மாதிரி அதுவும் நடந்துவிடும். யாரும் யாரையும் மிரட்டவில்லை, யாரும் அழவும் இல்லை. சாதம் வடிக்கிற நேரம், அவளும் வடிக்கப் போய்விடுவாள்.

பாட்டுகளில் என்ன இருந்தது என்று கேட்டால், ஈர விறகு இருந்தது, கண்ணில் ஏறிய புகை இருந்தது, காய்ச்சல் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் காய்ச்சுகிறவளின் கோபம் இருந்தது. பெரிய பெரிய மனிதர்கள் எழுதினார்கள், பெண் மனசுக்குள் இப்படிப் புகுந்து பார்த்த ஆண்மகன் வேறு எவனுமில்லை என்று. அடுப்பங்கரையில் தண்ணீர்ச் செம்பு எங்கே இருக்கிறது என்றுகூடப் பிள்ளைக்குத் தெரியாது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டும் என்பார்கள், எங்களுக்கு மதி இருந்தது, நெய்யும் பிடித்திருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும். பெயரோடு நிற்காது, பெயர் மாதிரி ஒலிக்கிற சொல்லையும் தொடக் கூடாது. குஞ்சரம் யாரிடமும் சகாயம் கேட்டதில்லை, ஒத்தாசைதான் கேட்டாள். சகாயவிலைக் கடையை மலிவுக்கடை என்றாள். மாதாகோயில் தெரு சகாயமேரியைப் பாதியில் பிடித்து மேரி என்றுதான் கூப்பிட்டாள். ஆகவே, தான் கட்டிய பாட்டைத் தானே முழுசாகப் பாட அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

பிள்ளை வருஷத்தில் பாதி நாள் கச்சேரிக்காக ரயிலில் இருந்தார். சீடர்களுக்குப் பாடம் சொன்னது குஞ்சரம்தான், சமையலறை வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு. முத்திரை வருகிற இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டு தொடையில் தாளத்தை மட்டும் தட்டுவாள், சீடர்கள் அங்கே சகாயன் என்று இட்டு நிரப்புவார்கள், தாளம் ஒரு சுற்று முடிந்ததும் 'சொன்ன தமிழ்' என்று அவள் எடுத்துக்கொடுப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பிள்ளை கண்ணை மூடிய நாள் வரைக்கும் அவள் விழுங்கி விழுங்கி வைத்த மௌனம், அவர் போனபின் எல்லார் தொண்டையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வீட்டில் பாடம் கேட்ட எவனுக்கும் அது யார் மௌனம் என்று தெரியும், ஏனென்றால் அளவு அதே அளவு.

இப்படி இருக்கையில், குருபூசை முடிந்து மழைக்காலம் பிறந்து, ஒருநாள் முற்பகல் குஞ்சரம் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து சாம்பலில் விரால் மீனை உரசிக்கொண்டே அந்தச் சஹானாவை முனகினாள். வழக்கமான இடம் வந்தது, வழக்கம்போல வாயை மூடப்போனாள், ஆனால் சாம்பல் மூக்கில் ஏறியதோ, இனி யார் ஆயுசைக் காப்பாற்ற வேண்டும் என்று தோன்றியதோ, வாய் மூடவில்லை, "குஞ்சரம் சொன்ன தமிழ் சபையேறாதோ" என்று பாட்டு முழுசாக வந்துவிட்டது. வேலிக்கு அந்தப்பக்கம் பூக்கட்டிக்கொண்டிருந்த வைரம் நாரைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"அக்கா, அந்த எடம் கேட்டுச்சுக்கா."

"எந்த எடம்?"

"மாமா பேரு வர்ற எடம். உங்க பேரு கேட்டுச்சு."

வைரமும் பாடிப் பார்த்தாள், கேட்டது. அன்று மதியத்துக்குள் மேலவீதியிலும் கீழவீதியிலும் மிக்ஸியை ஓடவிட்டுக்கொண்டு பெண்கள் எல்லாரும் பாடிப் பார்த்தார்கள், எல்லா அடுப்படியிலும் குஞ்சரத்தின் பெயர் தாளத்தில் சரியாக வந்து உட்கார்ந்தது. சாப்பிட ஆண்கள் வந்ததும் மிக்ஸியும் நின்றது, பாட்டும் நின்றது. சாயங்காலத்துக்குள் ஆண்களும் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாடிப் பார்த்துவிட்டார்கள். குருபூசைக் கமிட்டித் தலைவர் தர்மலிங்கம், அவரும் அந்தச் சமையலறை வாசலில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்தான், தன் ரைஸ் மில்லில் மோட்டார் ஓடுகிற இரைச்சலில் நின்று மெதுவாகப் பாடினார், அவ்வளவு இரைச்சலிலும் அந்தப் பெயர் துலக்கமாகக் கேட்டது. அவர் இருமிவிட்டு, மிஷினுக்கு எண்ணெய் போடவேண்டும் என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

ஆக ஊருக்கே தெரிந்துவிட்டது. பாட்டு முழுசாக வேண்டுமானால் வழி இருக்கிறது, ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரை வைத்தால் போதும், தாளம்கூடத் தப்பாது. கமிட்டிக் கூட்டத்தில் ஹைஸ்கூல் பாட்டு டீச்சர் சுலோசனா எழுந்து அதைச் சொல்லியும்விட்டாள். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பேரை மாற்றினால் கடைத்தெருவில் நிற்கிற சிலையை என்ன செய்வது, ஆபத்சகாயம் பிள்ளை தெரு என்கிற பலகையை என்ன செய்வது, அவர் சீடர் என்று போட்டுக்கொண்டிருக்கிற நாமெல்லாம் யார் சீடர் என்று போட்டுக்கொள்வது, அடுப்படியில் பாடம் கேட்டோம் என்றா என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கடைசியில் தர்மலிங்கம் பேசினார்.

"தெரியும் டீச்சர். எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதையெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தா ஊரு நடக்குமா?"

அதனால் மௌனமே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று சுலோசனா டீச்சர் பஸ் ஸ்டாண்டில் நின்று சொன்னாள், அடுத்த வருஷம் அவளுக்கு அழைப்பிதழ் வரவில்லை.

மறைத்ததற்கு வியாக்கியானமும் சீக்கிரமே கிடைத்தது. சென்னையிலிருந்து வந்த ஒரு விமர்சகர் பந்தலில் உட்கார்ந்து அந்த இடைவெளியைக் கேட்டுவிட்டு, கேட்டுவிட்டு என்றா சொல்வது, கேட்காமல் இருந்துவிட்டு, கண்கலங்கினார். பிள்ளை ஒரு யோகி, தன் பெயரைத் தானே அழித்துக்கொண்ட ஞானி, உலகத்தில் எந்தக் கலைஞனும் இப்படி அகங்காரத்தை அறுத்ததில்லை, இதற்கு மௌன முத்திரை என்று பெயர் என்று எழுதினார். அதற்குப் பிறகு பாருங்கள், இசைக்கல்லூரிப் பாடத்தில் மௌன முத்திரை சேர்ந்தது, பரீட்சையில் அந்த இடத்தில் மூச்சுச் சத்தம் கேட்ட பெண்பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைத்தார்கள். இடது கையை மார்பிலும் வலது கையை ஆகாயத்திலும் வைக்க வேண்டும் என்று ஒரு முறை வந்தது. தஞ்சாவூர்க்காரர்கள் கண்ணை மூடவேண்டும் என்றார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் திறந்திருக்க வேண்டும் என்றார்கள், இதிலே இரண்டு கட்சியாகிப் பேச்சுவார்த்தை இல்லாமல்கூடப் போயிற்று. ஒரு பெண் சமையலறையில் விழுங்கியது, அவள் புருஷனின் ஞானமாக வெளியே வந்தது. பெயரைத்தான் கொடுத்தாள் என்று பார்த்தால், விழுங்கிய மௌனத்தையும் கொடுத்தாகிவிட்டது.

குஞ்சரத்துக்கு ஒன்றும் குறைவைக்கவில்லை என்று நாங்கள் சொல்லிக்கொண்டோம். வருஷா வருஷம் குருபூசையில் அவளை மேடைக்கு அழைத்து, அன்னாரின் வாழ்க்கைத் துணைவியார் என்று சொல்லிப் பட்டுப்புடவை போர்த்தினோம். அழைப்பிதழில் திருமதி ஆபத்சகாயம் பிள்ளை என்று தங்க எழுத்தில் போட்டோம். அவள் புடவையை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பெட்டியில் வைத்துவிட்டு, மகளிடம் ஒரே ஒரு ஆசையைத்தான் சொன்னாள். அவளுக்குச் சிலை வேண்டாம், தெரு வேண்டாம்.

"ஒரே ஒரு தடவை, அபரஞ்சி. மேடையில. மைக்குல. ஊரு உக்காந்து கேக்கணும். அப்புறம் அந்தப் பாட்ட யாரு பேருல வேணா பாடிக்கட்டும்."

அபரஞ்சி அவளுக்கு ஒரே பெண். அப்பனின் குரலும் அம்மாவின் மனசும் சேர்ந்து வந்தவள் என்று ஊரில் சொல்வார்கள். ஆனாலும் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் மதிய வெயிலில், பந்தலில் நாய்கள் படுத்திருக்கிற நேரத்துக் கச்சேரிதான். தலை நரைக்க ஆரம்பித்த வயசில் அவளுக்கும் ஒரு காலம் வந்தது. அந்த வருஷம் குருபூசையின் நிறைவுநாள் சாயங்காலக் கச்சேரி அவளுக்கு, கையோடு கமிட்டியின் பட்டம், ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு என்று தர்மலிங்கம் வீடுதேடி வந்து வெற்றிலைபாக்கு வைத்தார். வைத்துவிட்டு, மௌன முத்திரையை உங்களைத் தவிர யாரம்மா சரியாகச் செய்ய முடியும், ரத்தம் அல்லவா என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனபின் அபரஞ்சி அடுப்பங்கரைக்கு வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன் பேரோடதான் பாடுவேம்மா. நீ குடுத்த பால் எறங்குன தொண்டை இது, பொய் வராது" என்றாள். அவள் மனசாரத்தான் சொன்னாள், அதை நான் சந்தேகப்படவில்லை. குஞ்சரம் அந்த நாள்வரைக்கும் சரியாகத் தூங்கவில்லை. பெட்டியிலிருந்த பட்டுகளில் எதையும் எடுக்காமல், தானே ஊதா நிறத்தில் ஒரு கைத்தறிப் புடவை வாங்கிக்கொண்டாள். வைரத்திடம் மட்டும் சொன்னாள், வைரம் எல்லாரிடமும் சொன்னாள், ஆகவே அன்று சாயங்காலம் எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் அடுப்பு மூட்டாமல் நேரத்தோடு வந்து பெண்கள் பக்கத்தை நிறைத்துவிட்டார்கள். தர்மலிங்கத்தின் வீட்டம்மாகூட வந்திருந்தாள்.

அபரஞ்சி பாடினாள். அன்றைக்கு அவள் பாடியதை என்னால் எழுதிக்காட்ட முடியாது, அழுகை வருகிறது, எரிச்சலும் வருகிறது. ஈர விறகு என்று அவள் எடுத்தபோது பெண்கள் பக்கம் கண்ணைத் துடைத்தார்கள், காய்ச்சல் குழந்தை என்று வந்தபோது எதிரே ஒருத்தி தன் மடியில் படுத்திருந்த பெண்ணை இழுத்து அணைத்துக்கொண்டாள். சரணம் வந்தது. குஞ்சரம் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அபரஞ்சி அம்மாவைப் பார்த்தாள். பிறகு முன்வரிசையில் இருந்த விமர்சகரைப் பார்த்தாள், தர்மலிங்கத்தைப் பார்த்தாள், மேடையில் மாலைபோட்டு வைத்திருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தாள், மைக்கைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். இடது கை மார்புக்குப் போயிற்று, வலது கை மெதுவாக ஆகாயத்துக்கு எழுந்தது. மிருதங்கம் நின்றுவிட்டது, தம்புரா மட்டும் இழுத்துக்கொண்டிருக்க, தாளம் ஒரு சுற்றுச் சுற்றியது. இத்தனை வருஷத்தில் யாரும் இவ்வளவு அழகாகப் பேசாமல் இருந்ததில்லை. "சொன்ன தமிழ் சபையேறாதோ" என்று அவள் இறங்கியபோது பந்தல் எழுந்து நின்று கைதட்டியது. பெண்கள் பக்கமும் தட்டியது, கொஞ்சம் தாமதமாக.

குஞ்சரத்தின் கை மட்டும் தொடையில் தாளத்தை விடாமல் மங்களம் வரைக்கும் போட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அபரஞ்சி மாலையைக் கழற்றாமலே சமையலறை வாசலில் நின்றாள். பாடத்தான் வாயைத் திறந்தேன் என்றாள், உன் பேரு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது என்றாள். அம்மா குழம்பைச் சூடுபண்ணிக்கொண்டிருக்க, அவளே பேசிக்கொண்டு போனாள். ஆபத்சகாயம் பிள்ளை மகள் என்றுதானே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், ரேடியோவிலும் அப்படித்தானே சொன்னார்கள் என்றாள்.

"அந்த எடத்துல உன் பேரச் சொல்லிட்டா, அப்புறம் நான் யாரும்மா?"

"எம் மக" என்றாள் குஞ்சரம். "வேற யாரு."

தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. குஞ்சரம் மகளுக்குத் தட்டு வைத்து, சாதம் போட்டு, மீன்குழம்பு ஊற்றி, முள் எடுத்துக்கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கடைத்தெருவில் டீக்கடையில் கூட்டம் இருந்தது, முந்தினநாள் கச்சேரியைக் கேசட்டில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குஞ்சரம் அதே ஊதாப் புடவையில் வந்து புருஷன் சிலைக்கு முன்னால் நின்றாள். சாமி கும்பிடப் போகிறாள் என்று நினைத்து நாங்கள் பெஞ்சில் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தோம். அவள் கும்பிடவில்லை. நிமிர்ந்து அந்த வெண்கல முகத்தைப் பார்த்து, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருநாளும் தொடாத சொல்லைத் தொட்டாள்.

"ஆபத்சகாயம்" என்றாள். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். "ஆபத்சகாயம், நான் குடுத்தத நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

பிறகு முந்தானையை விரித்து, காய்கறி வாங்கியவள்போல அதை முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முடிச்சில் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை, ஆனால் கனம் தாங்காமல் அவள் ஒருபக்கம் சாய்ந்து சாய்ந்துதான் வீடுவரைக்கும் நடந்தாள், வழியில் வைரம் வந்து ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் தெரு திரும்பியதும் டீக்கடைக் கேசட்டில் பாட்டு நின்றுவிட்டது. ரீல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து பிள்ளையின் கீர்த்தனைகளில் முத்திரை மட்டுமல்ல, பல்லவியும் இல்லை, சரணமும் இல்லை, யார் வாயைத் திறந்தாலும் எந்தப் பாட்டிலும் ஓர் எழுத்துக்கூடக் கேட்கவில்லை.

ஊர் கலங்கிப்போயிருக்கும் என்று நினைப்பீர்கள். எங்களுக்குப் பழக்கம் இருந்தது. ஓர் இடத்தில் மௌனத்தைப் பாடப் படித்தவர்களுக்கு முழுப்பாட்டையும் மௌனமாகப் பாட எவ்வளவு நாள் ஆகும்? பிள்ளை ஒரு சுற்றில் சொன்னதை இப்போது முழுசாகச் சொல்கிறார், இது சித்தி என்றார் தர்மலிங்கம். விமர்சகர் தலையணை மொத்தத்துக்கு ஒரு புத்தகம் எழுதினார். இப்போதும் குருபூசைக்கு நீங்கள் வந்து பார்க்கலாம், வாழைமரம் கட்டி, சீரியல் விளக்குப் போட்டு, மைக் செட்காரர் எப்போதும்போல ஹலோ ஹலோ சொல்லி வைத்துவிட்டு இறங்க, வித்துவான்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகிறார்கள், கூட்டம் தொடையில் தாளம்போட்டுத் தலையாட்டுகிறது, நடுநடுவே பேஷ் என்கிறார்கள், முடிந்தபின் அந்த இரண்டாவது சங்கதியில் சுருதி கொஞ்சம் விலகியது என்று கேண்டீனில் சண்டைகூட வருகிறது. இதில் எல்லாரையும்விடப் பெயர் வாங்கியவள் அபரஞ்சி. டெல்லிவரைக்கும் போய் வாயைத் திறந்துவிட்டு வருகிறாள்.

பாட்டு வேறெங்கும் போய்விடவில்லை. அது மேலவீதியில், அந்த வீட்டில் இருக்கிறது. குஞ்சரம் மீன் ஆய்ந்துகொண்டும் அரிசி களைந்துகொண்டும் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பாடுகிறாள், வயசான குரல்தான், நடுங்கத்தான் நடுங்குகிறது, ஆனால் வேறு எங்கும் சத்தமே இல்லாததால் ஊர்முழுக்கக் கேட்கிறது. கேட்காத மாதிரி இருக்கப் பழகிவிட்டோம். குருபூசை நாட்களில்தான் சங்கடம். எதிரே மேடையில் வித்துவான் தோடிக்கு வாய் திறந்திருக்கையில் அவள் வீட்டிலிருந்து சஹானா வந்து பந்தலுக்குள் நுழைந்துவிடுகிறது, தாளம்போடுகிற கைகள் தெரியாமல் அந்தப்பக்கம் போய்விடுகின்றன. ஜன்னலைச் சாத்திப் பார்த்தோம், படுதா கட்டினோம். போன குருபூசையில், நிறைவுநாள் கச்சேரி இடைவேளையில், தர்மலிங்கம் மேடைக்குப் பின்னால் போய், வயசானவர்களிடம் போலீஸ்காரரை விட்டுச் சொல்லச் சொன்னால் நன்றாக இருக்காது, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று அபரஞ்சியிடம் கேட்டுக்கொண்டார்.

அபரஞ்சி பட்டுப்புடவையும் பட்டத்தோடு வாங்கிய பதக்கங்களுமாக வீட்டுக்கு வந்தாள். அம்மா கொல்லைப்புறத்தில் சாம்பலில் மீனை உரசிக்கொண்டிருந்தாள், காய்ச்சல் குழந்தையிலிருந்து இறங்கிச் சரணத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, கொஞ்சம் மெதுவாப் பாடேன். கச்சேரிக்கு எடைஞ்சலா இருக்குங்கிறாங்க."

குஞ்சரம் திரும்பிப் பார்த்தாள், பாட்டை விடவில்லை. அபரஞ்சி கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றவளின் கை, அவளைக் கேளாமலே, பட்டுப்புடவையின் மேல் தாளம் போட ஆரம்பித்தது. தாளம் திரும்பிக்கொண்டிருந்தது, இன்னும் ஒரு தட்டில் அந்த இடம் வந்துவிடும், அந்தப் பெயரைக் கேட்க அவள் அந்த வாசலில் ஒரு மூச்சு நேரம் நின்றிருந்தால் போதும். பந்தலில் இடைவேளை முடிந்ததற்கு மணி அடித்தார்கள். அபரஞ்சி கையை மடக்கிக்கொண்டு, கதவை உட்பக்கமிருந்து மெதுவாகச் சாத்திவிட்டுப் பாடப் போனாள்.